தண்ணி வேணுமா, வேணாமா?

"உங்களுக்குத் தண்ணி வேணுமா, வேணாமா?"

கேட்டவர் ஓர் அதிகாரி. கேட்ட இடம், பழவேற்காடு பஜாரை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். மண்டபம் முழுக்க ஒரே குரலாகப் பதில் சொன்னது. அதில் என் குரலும் இருந்தது. ஆனால் அதே கேள்வியை என்னைத் தனியாக உட்கார வைத்து இப்போது யாராவது கேட்டால் என்னால் பதில் சொல்ல முடியாது.

கல்யாணமாகி இந்த மீனவக் குப்பத்துக்கு வந்தது, மகள் யாழினி பிறந்தது என்று இந்தத் தொடரில் வரிசையாக எழுதிக்கொண்டு வந்தேன். இந்த வாரம் அவளுக்கு மொட்டை போட்ட கதையை எழுதுவதாக இருந்தேன். பேனாவை எடுத்தால் மொட்டை வரவில்லை, மண்டபம்தான் வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்தில்

எங்கள் பழவேற்காடு ஏரிக்கு வந்து சேருகிற ஆரணி ஆற்றில், வெகு மேலே, ஒரு நீர்த்தேக்கம் கட்ட யோசனை இருக்கிறது. மழைக்காலத்து வெள்ளத்தை அங்கே பிடித்து வைத்துக் குடிநீருக்கும் பாசனத்துக்கும் கொடுப்பார்களாம். அதில் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று சுற்றியுள்ள ஊர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கூட்டம்.

என் வீட்டுக்காரர் சேகர் வலைக்குப் போயிருந்தார். "நீயும் வா. படிச்சவ ஒருத்தி பக்கத்துல இருந்தா பயமில்ல" என்று அத்தை, அதாவது என் மாமியார், என்னைக் கிளப்பினார். யாழினியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவளுடைய எவர்சில்வர் பாட்டிலையும் எடுத்துக்கொண்டு போனேன். முந்தின நாள்தான் அவளுக்கு வயிற்றுப்போக்கு நின்றிருந்தது. உடம்பு துணிபோல என் தோளில் கிடந்தது.

யாருடைய கல்யாணத்துக்கோ ஒட்டிய தெர்மகோல் எழுத்துகளை மண்டபத்தில் இன்னும் எடுக்கவில்லை. மணமகன், மணமகள் பெயர்களுக்குக் கீழே வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டார்கள். இடது பக்கம் பச்சையில் 'பயன்கள்'. வலது பக்கம் சிவப்பில் 'செலவுகள்'. பச்சையில் குடிநீர், பாசனம், வெள்ளத் தடுப்பு. சிவப்பில் நில எடுப்பு, வெட்டப்படும் மரங்கள், கட்டுமானம். இரண்டு பக்கத்திலும் 'ஏரி' என்ற சொல்லைத் தேடினேன். கிடைக்கவில்லை. பச்சையின் அடியில் மட்டும் ஒரு வரி இருந்தது: வீணாகக் கடலில் கலக்கும் நீர் சேமிக்கப்படும்.

"இன்னா எழுதிக்கீது?" என்றார் அத்தை. படித்துச் சொன்னேன்.

"வீணாவா? நம்ம வூட்டாண்ட வந்துட்டுத்தானே கடலுக்குப் போவுது. அப்போ நாம இன்னா வீணாப்போனவங்களா?"

சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அதிகாரி தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு, எதற்கென்று புரியாமல் அவரும் கொஞ்சம் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். மின்விசிறிச் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்தது.

எனக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண் ஆற்றங்கரை ஊர் விவசாயி. நெல் போடுகிறவர். "வருசா வருசம் ஆறு ஒடைச்சிக்கினு வயல்ல பூந்துடுதும்மா. அறுக்கப் போனா அழுகின நாத்தம்தான். கட்டட்டும், சீக்கிரம் கட்டட்டும்" என்று என் காதோடு சொன்னார். யாழினியின் பாதத்தைத் தொட்டுப் பார்த்து, "இன்னா இப்டி சில்லுனு கீது?" என்றார். அந்தக் கேள்வி என்னை அதற்கப்புறம் எதையும் கவனிக்க விடவில்லை. பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

அப்போதுதான் ஒலிபெருக்கி ஒருமுறை கீச்சிட்டு, அந்தக் கேள்வி வந்தது. கடைசியாக ஒன்றே ஒன்று கேட்கிறேன் என்று சொல்லிக் கேட்டார். தண்ணி வேணுமா, வேணாமா?

"வேணும்" என்றது மண்டபம். "வேணும்" என்றார் அத்தை. "வேணும்" என்றேன் நான்.

பக்கத்துப் பெண் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, "வேணாம்பா சாமி, போதும்" என்றார். அவருக்குத் தண்ணீர் என்றால் வயலில் நிற்கிற வெள்ளம். அவர் மெதுவாகச் சொன்னதால் அது எங்கேயும் பதிவாகவில்லை. 

ஆளுக்கொரு சாம்பார் சாதப் பொட்டலம் கொடுத்து அனுப்பினார்கள்.

கொடத்துக்காரி

இங்கே ஒரு பழைய விஷயத்தைச் சொன்னால்தான் மற்றது புரியும்.

நான் பிறந்தது ஏரிக்கரையில், சுண்ணாம்புக்குளத்தில். ஆனால் நைனா, அதாவது என் அப்பா, வலையை விட்டுவிட்டு அனுப்பம்பட்டில் ஐஸ் கம்பெனி வேலைக்குப் போனபோது எனக்கு நடக்கவே சரியாக வராது. ரயில் சத்தத்திலும் தெருக்குழாய் வரிசையிலும் வளர்ந்தேன். பொன்னேரியில் படித்தேன். தண்ணீர் என்றால் எனக்குக் குழாயில் வருவது.

கல்யாணமாகி வந்த முதல் ஐப்பசி. ஒரு விடிகாலையில், "தண்ணி வந்துச்சு, தண்ணி வந்துச்சு" என்று தெருவே கத்தியது. குடிநீர் லாரி வந்துவிட்டது என்று நினைத்து, கையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் குடங்களைத் தூக்கிக்கொண்டு லாரி நிற்கும் இடத்துக்கு ஓடினேன். அங்கே ஒரு நாய் படுத்திருந்தது. ஊரே ஏரிக்கரையில் நின்றது. செம்மண் நிறத்தில் ஆற்று வெள்ளம் ஏரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஆண்கள் அதைக் கையில் அள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார்கள்.

புது மருமகள் குடத்தோடு நின்ற கோலத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டுச் செல்வி அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏரியவே மொண்டுக்கினு போகப் போறியா தேவி?" அன்று முதல் எனக்குக் 'கொடத்துக்காரி' என்று பெயர்.

இந்தக் குப்பத்தில் வெறும் 'தண்ணி' என்றால் ஏரிக்கு வரும் ஆற்றுத் தண்ணீர். அது வந்தால்தான் ஏரியின் உப்பு தணியும். அது தள்ளுகிற வேகத்தில்தான் முகத்துவாரத்து மணல்மேடு உடைந்து கடலுக்கு வழி கிடைக்கும். அந்த வழியாகத்தான் இறால் குஞ்சு உள்ளே வரும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஒருவரை ஒருவர் பார்த்ததும் கேட்பது, தண்ணி வந்துச்சா என்றுதான்.

குடிக்கிற தண்ணீருக்கு வேறு பெயர். அது 'நல்ல தண்ணி'. அந்த 'நல்ல' இல்லாமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டோவில்

கூட்டம் முடிந்து ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். பாலத்தின் மேல் ஏறும்போது செல்வி அக்கா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, "நல்ல மனுசன். நேராவே கேட்டான் பாரு, தண்ணி வேணுமான்னு. வேணாம்னு எவளாச்சும் சொல்லுவாளா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அக்கா, அவரு கேட்டது ஏரித் தண்ணி இல்ல. ஆத்த மறிச்சு, கொழாயில குடுக்கறாங்களே, அந்தத் தண்ணி."

அத்தை என் பக்கம் திரும்பினார்.

"கொழாத் தண்ணின்னா, நல்ல தண்ணி வேணுமான்னு இல்ல கேக்கணும்? தண்ணின்னா தண்ணி. படிச்சவங்களுக்கு இது கூடவா தெரியாது?"

"அவருக்குத் தெரியாது அத்தே."

"ஆத்த மறிச்சிட்டா அப்புறம் இங்க எது வரும்?" என்றார் செல்வி அக்கா. பொட்டலத்தை மறுபடி மடித்து வைத்துவிட்டார்.

அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ எத்த வேணும்னு சொன்ன?"

நான் யாழினியின் தலைத் துண்டைச் சரிசெய்தேன். குப்பம் வந்துவிட்டது, இறங்கிவிட்டோம்.

லாரி வராத நாள்

எங்கள் வீட்டு அடிகுழாயில் வருவதை வாயில் வைக்க முடியாது. துணி துவைத்தால் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். குடிக்க லாரித் தண்ணீர். அது வருகிற நாள் என்று ஒன்று இல்லை. தெருவில் குடங்கள் பச்சையும் சிவப்புமாக வரிசையில் காத்திருக்கும். சில சமயம் அடுத்த நாளும் அங்கேயே இருக்கும்.

வயிற்றுப்போக்குக்காகப் போன முதல் தடவையே பொன்னேரி டாக்டரம்மா கேட்டார்: "குழந்தைக்கு என்ன தண்ணி குடுக்கறீங்க?"

"லாரித் தண்ணி. கொதிக்க வெச்சு, வடிகட்டி."

"லாரி வராத அன்னிக்கு?"

டிரம்மின் அடியில் மிச்சம் இருப்பதை, அதுவும் இல்லாவிட்டால் செல்வி அக்கா வீட்டு டிரம்மில் இருப்பதை என்று சொல்லத் தோன்றவில்லை. வரிசையில் அடுத்த குழந்தை அழுதுகொண்டிருந்தது. சீட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூட்டத்துக்குப் போகும்போது நேரம் இருந்ததால் டச்சுக்காரர் கல்லறை வழியாக நடந்தோம். வாசல் தூண்களில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும். யாழினி பயப்படவில்லை, அதற்குத் தன் பாட்டிலை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் படித்தபோது எங்களை இங்கே சுற்றுலா அழைத்து வந்த டீச்சர், கல்லில் உள்ள எழுத்து புரியாவிட்டால் என்ன, ஆண்டுகளைக் கழித்து வயதைக் கண்டுபிடியுங்கள் என்றார். போட்டி போட்டுக் கழித்தோம். அன்றைக்கு மனது தானாகவே ஒரு கல்லில் கழிக்க ஆரம்பித்தது. சின்ன எண்ணாக வரும் என்று தெரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கோட்டையும் கப்பலும் வைத்திருந்தவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளுக்கு எந்தத் தண்ணீரைக் கொடுத்தார்களோ. அதைக் கல்லில் யாரும் எழுதி வைக்கவில்லை.

மண்டபத்தில் "வேணும்" என்றபோது அந்தக் கல் என் மனதில் இருந்தது. சில்லென்ற பாதம் கையில் இருந்தது. ஏரி இல்லை.

ஆறு வராத வருடம்

ஆனால் ஏரியை நான் மறந்தவளும் இல்லை. அதனால்தான் இத்தனை குழப்பம்.

யாழினி வயிற்றில் இருந்த வருடம் ஆறு வரவில்லை. முகத்துவாரம் மண் மூடிக்கொண்டது. கோடையில் ஏரி பின்வாங்கி, கரையில் உப்பு பொருக்குத் தட்டியது. செத்த மடவை மீன்கள் வெள்ளை வயிற்றோடு ஒதுங்கின. அந்த நாற்றத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. சேகர் சென்னைக்கு மூட்டை தூக்கப் போனார். வளைகாப்புக்கு வந்தபோது தோள்பட்டைத் தோல் உரிந்திருந்தது. "வெயிலு" என்றார். வெயிலில் வளர்ந்தவருக்கு வெயிலில் தோல் உரியாது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும், எனக்குத் தெரியும் என்று.

போன வாரம் நைனாவுக்குப் போன் போட்டு யோசனை கேட்டேன்.

"இதுல யோசிக்க இன்னா கீது? ஏரி ஏரின்னு கெடந்து நா இன்னாத்தக் கண்டேன்? கட்டட்டும். என் பேத்தி கொழாயத் தெறந்து குடிக்கட்டும்."

"அப்போ அவங்கப்பா வலைக்கு இன்னா பண்றது நைனா?"

"என்ன மாதிரி ஐஸ் கம்பெனிக்கு வரட்டும். நா சொல்லி வெக்கறேன்."

அவர் பக்கம் ரயில் போகிற சத்தம் கேட்டது. பிறகு அவரே, "இறாலு வந்தாத்தானே ஐஸு. அதுவும் சரிதான்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

புள்ளிக்கோடு

சேகரோடும் பேசிப் பார்த்தேன். கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கின பாசியை எடுத்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் காட்டிய வரைபடத்தைப் பற்றிச் சொன்னேன். நீர்த்தேக்கத்திலிருந்து பொன்னேரிப் பக்கம் வரை குழாய் நீலக்கோடாக இருந்தது. அதற்கப்புறம் எங்கள் பக்கம் வரைக்கும் புள்ளி புள்ளியாக இருந்தது. இரண்டாம் கட்டம் என்று எழுதியிருந்தது.

"புள்ளி வெச்சா கோலம் போடலாம். தண்ணி புடிக்க முடியாது" என்றார்.

"அப்டி இல்லீங்க. பின்னாடி வரும்னுதானே அர்த்தம்."

"ஆத்த இப்போ எடுத்துக்குவாங்க. கொழாய அப்புறம் குடுப்பாங்க. நடுவுல இருக்கற வருசத்துக்கு நாம எங்க போறது, அதச் சொல்லு."

"கொழாயில வந்தா டாக்டராண்டயே போக வேணாங்க" என்றேன்.

"வலையில படலன்னா டாக்டராண்ட போகவே முடியாது."

இரண்டும் நிஜம். அவர் பாசியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். கொஞ்சம் கழித்து, என்னைப் பார்க்காமல், "புள்ள கால் இப்போ சூடா கீதா?" என்று கேட்டார்.

ஒருவேளை இரண்டையும் கேட்கலாமோ என்றேன். மழைக்காலத்தில் ஏரிக்குக் கொஞ்சம் திறந்துவிடுங்கள், எங்களுக்குக் குழாயும் கொடுங்கள் என்று. "ரெண்டும் வேணும்னா, பேராசைக்காரங்கன்னு ரெண்டுத்தயும் அடிச்சிடுவாங்க" என்றார். இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அந்த அதிகாரியின் முகத்தை நினைத்துப் பார்க்கிறேன். சொன்னால் கேட்பார் போலவும் இருக்கிறது.

ஏகமனதாக

சில நாட்களுக்கு முன் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். செல்வி அக்கா என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படிக்கச் சொன்னார். படித்தேன். "கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மீனவ மக்கள் தங்களுக்குக் குடிநீர் வேண்டும் என ஏகமனதாகத் தெரிவித்தனர்." ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம் என்று கீழே இருந்தது.

நாங்கள் சொன்ன 'தண்ணி' அங்கே 'குடிநீர்' ஆகியிருந்தது. 

அன்று மாலையே குப்பத்துத் தலைவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். "நீதாம்மா எழுதணும். நாங்க கேட்டது ஏரித் தண்ணி, குடிதண்ணி இல்லன்னு தெளிவா எழுது. எல்லாரும் கையெழுத்து போடறோம்."

"கொடத்துக்காரி எழுதினா சரியா இருக்கும்" என்றார் கூட வந்த செல்வி அக்கா. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தலைவர் போன பிறகு செல்வி அக்காவைக் கேட்டேன். "அக்கா, கொழாத் தண்ணி உனக்கு வேணாமா?"

"எனக்கு மட்டும் இடுப்பு வலிக்காதா? வேணும்தான். ஆனா வேணும்னு வாயத் தெறந்தா ஆத்த எடுத்துக்குவாங்களே."

உட்கார்ந்து எழுதினேன். முதல் வரி இது: 'அன்றைய கூட்டத்தில் நாங்கள் அனைவரும் வேண்டும் என்று கூறியது, ஏரிக்கு வரும் ஆற்று நீரையே.'

அதற்கு மேல் எழுத வரவில்லை. நாங்கள் அனைவரும் என்பது பொய். அந்த மண்டபத்தில் கத்திய குப்பத்துக்காரர்களில் ஒருத்தியின் பதிலை மட்டும் அரசாங்கம் சரியாகத்தான் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த ஒருத்தி நான்.

நேற்றுக் காலை அத்தை லாரித் தண்ணீரைத் துணி கட்டி வடிகட்டிக்கொண்டிருந்தார். நான் குடத்தைச் சாய்த்துப் பிடித்தேன்.

"ஆட்டோல ஒண்ணு கேட்டேன். நீ சொல்லவே இல்ல."

"புள்ளைக்குக் குடிக்கத்தான் அத்தே சொன்னேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். துணியை எடுத்துப் பிழிந்தார். அதில் படிந்திருந்த அழுக்கை என்னிடம் காட்டுவதுபோலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியும். எழுதறப்போ அத எழுதாத."

குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இந்தத் தொடரைப் படிக்கிற உங்களில் எத்தனையோ பேர் ஆற்றோரம் இருப்பீர்கள். உங்கள் ஊருக்கு மேலே நீர்த்தேக்கம் கட்டியிருந்தால், அதற்குப் பிறகு கீழே உண்மையில் தண்ணீர் வந்ததா, மழைக்காலத்திலாவது திறந்தார்களா, எனக்கு எழுதுங்கள். புள்ளிக்கோடாகக் காட்டிய குழாய் உங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்ததா, வந்தது நின்றதா, அதையும் எழுதுங்கள். குழந்தை வைத்திருக்கிற பெண்கள் அவசியம் எழுதுங்கள். இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்போது அந்த ஒரு மாதத்தில் பாதி போயிருக்கும். ஐப்பசி பிறந்துவிட்டது, எங்கள் ஏரிக்கு இன்னும் தண்ணி வரவில்லை. இன்றைக்கு லாரியும் வரவில்லை.

கடிதம் அரிசி டின்னின் மேல் இருக்கிறது. 'நாங்கள் அனைவரும்' என்பதை அப்படியே விடட்டுமா, அடித்துவிடட்டுமா? சொல்லுங்கள்.